பாதாள கானம்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த தாண்டவராயனிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு விசிலைக் கொடுத்ததை ஊரில் யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை. "விழுப்புரம் செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்று அவர் அறிவித்தால், அதில் போகிறவர்கள் திரும்பி வரப்போவதில்லை என்பதுபோல் கேட்கும். அவ்வளவு ஆழம். சொல் தொண்டையிலிருந்து வராது. அடிவயிற்றுக்கும் கீழே, அவர் நிற்கும் சிமெண்ட் தரைக்கும் கீழே எங்கிருந்தோ கிளம்பி வரும். கைக்குழந்தைகள் வீறிட்டன. மயிலம் முருகனுக்கு மொட்டை போடக் கிளம்பிய ஒரு குடும்பம் சகுனம் சரியில்லை என்று பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியது. அதற்குப் பிறகுதான் விசில்.

தாண்டவராயன் கோபப்படவில்லை. விசில் ஊதுவதற்குக் குரல் வேண்டாம். மிச்சமாகும் குரலை என்ன செய்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

1998-இல் ஒரு பகல் வேளையில், குயிலாப்பாளையம் பக்கம் போக எந்த பஸ் என்று ஒரு வெள்ளைக்கார அம்மாள் அவரிடம் வந்து கேட்டார். தலைமுடி பாதி வெள்ளை, பாதி மருதாணிச் சிவப்பு. காலில் ஆம்பிளைச் செருப்பு. தாண்டவராயன் சொன்னார். அம்மாள் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னார். இன்னொரு தரம். பாவம், காது மந்தம் போலிருக்கிறது என்று தாண்டவராயன் வயிறு நிறைய மூச்சை இழுத்து உரக்கச் சொன்னார். பக்கத்தில் மல்லாட்டைக் கடலை விற்றுக்கொண்டிருந்தவளின் தராசு ஆடியது. வெள்ளைக்கார அம்மாளின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பஸ் புறப்பட்டுப் போனதை அவர் கவனிக்கவேயில்லை.

அவர் பெயர் ரோஸா. இத்தாலிக்காரர். ஆரோவில்லில் ஒரு பாட்டுக் குழு நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் குழுவில் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆள் இருந்தது. மேல்கட்டையில் பாட வரிசை நின்றது. அடிக்கட்டையில் பாட ஒருவர் இல்லை. அந்தக் குரலுக்கு 'பேஸ்' என்று பெயராம். அவர்கள் ஊரில் அதற்கு ஏகப்பட்ட மரியாதையாம். திண்டிவனத்தில் அதற்குப் பதிலாக விசிலைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை ரோஸா அம்மாவுக்குப் புரியவைக்கக் கொஞ்ச நாளாயிற்று.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் தாண்டவராயன் ஆரோவில் போனார். அங்கே அவர் பாடியது ஆபரா. ஆபரா என்றால் பயந்துகொள்ள வேண்டாம். அது அவர்கள் ஊர்த் தெருக்கூத்து. ராஜா உண்டு, துரோகம் உண்டு, கத்திக்குத்து உண்டு. குத்துப்பட்டவன் உடனே செத்துப்போகாமல் நின்று நிதானமாக ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் சாவான் என்பதும் உண்டு. நம் கூத்தில் விடியும்வரை பார்க்கலாம்; அவர்களுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதனால் சீக்கிரம் முடித்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு ஆள் மட்டும் நின்று தன் மனத்தில் இருப்பதைக் கொட்டுகிற பாட்டுக்கு ஆரியா என்று பெயர். தாண்டவராயனுக்குப் பாஷை தெரியாது. ரோஸா அம்மா ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் சொல்லி, தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ள வைத்து, வாயை எப்படித் திறப்பது என்று தன் வாயைத் திறந்து காட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

வீட்டில் சாதகம் செய்தாக வேண்டும். தாண்டவராயன் கீழ் ஸ்தாயியில் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினால், எதிர்வீட்டில் யாராவது மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டோமோ என்று கிணற்றடிக்கு ஓடுவார்கள். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது திட்டுவார்கள். திட்டு வாங்குவது அவர் மனைவி சூர்யகலா. அவள் ரவிக்கை தைப்பவள். தெருவில் பாதிப் பேர் அவளிடம் அளவு கொடுத்தவர்கள் என்பதால் திட்டு ஓரளவுக்கு மேல் போகாது. தொண்டைக்கு வைத்தியம் நடக்கிறது, டாக்டர் கத்தச் சொல்லியிருக்கிறார் என்று அவள் ஒரு கதை கட்டி விட்டிருந்தாள். எட்டு வருஷம் நடந்த வைத்தியம் அது.

ஆனால் அவர் பாட ஆரம்பித்ததும் அவள் தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவாள். வெறுப்பெல்லாம் இல்லை. அவர் வேலையை அவர் பார்க்கிறார், தன் வேலையைத் தான் பார்க்கிறோம் என்பது அவள் கணக்கு. பால் பாத்திரத்தில் மிளகும் மஞ்சளும் தட்டிப்போட்டுக் காய்ச்சி, மெஷினுக்கு நடுவே எழுந்துவந்து வைத்துவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு. ஆரோவில்லிலிருந்து அவர் வந்து சேராமல் சாப்பிட மாட்டாள். குழம்பை அடுப்பில் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, அவர் வரும்போது சட்டியில் மீன் இருந்ததற்கான தடயம் மட்டுமே இருக்கும். "பஸ் லேட்டு" என்பார் டைம் கீப்பர். அவள் தட்டை எடுத்துவைப்பாள்.

2006-இல் ரோஸா அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துபோய் ஊருக்குத் திரும்புவதென்று முடிவாயிற்று. போவதற்கு முன் தாண்டவராயனின் குரலை ஒரு டிஸ்க்கில் பிடித்து வைத்துவிட வேண்டும் என்றார். அவர் மட்டுமே பாடும் ஆபராப் பாட்டுகள். எந்தெந்தப் பாட்டு என்பதை ரோஸா அம்மாவே முடிவு செய்தார். கடைசிப் பாட்டை மட்டும் தாண்டவராயன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அது ஒரு சமையல்காரனின் பாட்டு. எஜமான் வருவதாகச் சொன்ன நேரம் தாண்டிவிட்டது. சூப்பு ஆறிக்கொண்டிருக்கிறது. சமையல்காரன் சுட வைக்கிறான், ஆறுகிறது. மறுபடி சுட வைக்கிறான், மறுபடி ஆறுகிறது. வாசலைப் பார்க்கிறான். சட்டியைப் பார்க்கிறான். அவ்வளவுதான் பாட்டு. இத்தாலியில் இதைக் கேட்டு ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்களாம். நீ மட்டும் சிரிக்கக் கூடாது, உலகமே இடிந்து விழுந்தாற்போல் பாடினால்தான் அவர்கள் சிரிப்பார்கள் என்று ரோஸா அம்மா கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

தாண்டவராயனுக்கு அந்தப் பாட்டைப் பாடும்போதெல்லாம் சிரிப்பு வந்ததே இல்லை. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புதான் ஞாபகம் வரும். பெண்டாட்டிக்கு நன்றி சொல்லும் வழக்கம் அவர் தெருவில் கிடையாது. திடீரென்று சொன்னால் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்கள். அதனால் இந்தப் பாட்டை அவளுக்கென்று பாடிவிடுவது, அவள் மெஷினை நிறுத்திவிட்டு ஒரே ஒரு தடவை இதை முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட்டால் போதும், எட்டு வருஷத்துக்கும் சேர்த்துச் சொன்னதாகிவிடும் என்று நினைத்தார். டிஸ்க் போடுவதில் ரோஸா அம்மாவுக்கு என்னென்னவோ லட்சியங்கள் இருந்திருக்கலாம். தாண்டவராயனுக்கு இருந்தது இதுதான்.

விழுப்புரத்தில் ரயில் ஜங்ஷனை ஒட்டி, உரக்கடைக்கு மேல்மாடியில் ஒரு ஒலிப்பதிவு நிலையம் இருந்தது. அம்மன் பாட்டு, தேர்தல் பிரசாரம், நகைக்கடை விளம்பரம் எல்லாம் அங்கேதான் பிறக்கும். நடத்துகிறவர் செல்வகுமார். ரோஸா அம்மாவின் பியானோ மாடிப்படி ஏறாது என்று தெரிந்ததும் ஒரு கீபோர்டை இரவல் வாங்கிவந்து வைத்தார். சிக்கல் அதில் இல்லை. தாண்டவராயன் அடிக்குரலில் இறங்கும்போதெல்லாம் செல்வகுமார் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார்.

"இருங்கண்ணே, கூட்ஸ் வண்டி ஷண்டிங் போவுது. அது போவட்டும்."

ஜன்னலைத் திறந்து பார்த்தால் தண்டவாளம் காலியாக இருக்கும். அது தாண்டவராயன்தான். இப்படிப் பல தடவை நடந்து, உண்மையாகவே ஒரு டீசல் எஞ்சின் வந்தபோது செல்வகுமார் அதை அண்ணன் என்று நினைத்து விட்டுவிட்டார். மூன்றாம் பாட்டின் நடுவில் இன்றைக்கும் அந்த எஞ்சின் இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

எல்லாம் முடிந்தபின் செல்வகுமார் பழக்க தோஷத்தில், அம்மன் பாட்டுக்குப் போடும் எதிரொலியை எல்லாப் பாட்டுக்கும் தாராளமாகப் போட்டுக்கொடுத்தார். சமையல்காரன் சமையலறையில் நின்று பாடியது போய், ஏதோ மலைக்குகையில் நின்று பாடுவதுபோல் ஆயிற்று. ரோஸா அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். விமானத்துக்கு நாள் நெருங்கிவிட்டதால் அதற்கு மேல் அடித்துக்கொள்ள நேரமில்லை.

டிஸ்க்கை வெளியிட வேண்டுமே. இந்த இடத்தில்தான் தீனதயாளன் வந்தார்.

தீனதயாளன் திண்டிவனம் பல்கலை வளர்ச்சிப் பேரவையின் நிறுவனர், தலைவர், செயலாளர். பொருளாளர் பதவி காலியாக இருந்தது. தன் பெயருக்கு முன்னால் நாலு பட்டங்கள் வைத்திருந்தார். எல்லாம் பேரவை கொடுத்தவை. கலையை வளர்ப்பது என்றால் மேடை போட்டு அதில் தான் உட்காருவது என்று அவர் உண்மையாகவே நம்பினார்; அதில் கள்ளம் கிடையாது. ஆபரா என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆரியா என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுருங்கி, மேடையில் அந்த வார்த்தை வேண்டாம், ஊரில் நாலு கட்சி இருக்கிறது, 'தனிப்பாடல்' என்று போட்டுக்கொள்ளலாம் என்றார். டிஸ்க்குக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். குரல் ஆழமாக இருப்பதால் 'பாதாள கானம்'.

அட்டையை வடிவமைத்தவர் பேரவைக்கு வழக்கமாக பேனர் அடித்துக் கொடுப்பவர். அவருக்குக் கல்யாண பேனரும் வரும், கண்ணீர் அஞ்சலி பேனரும் வரும்; அந்த மாசம் அஞ்சலி அதிகம். ஆரோவில் கச்சேரியில் எடுத்த தாண்டவராயனின் கறுப்புக் கோட்டுப் படத்தை முட்டை வடிவத்தில் வெட்டி, சுற்றிலும் பூ வைத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு நிறுத்தியிருந்தார். மேலே மூலையில் தீனதயாளன், உயிருடன் இருப்பவர் என்று தெரியும்படி, சிரித்துக்கொண்டிருந்தார். அட்டையைப் பார்த்த சூர்யகலா அந்தப் படத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, வெற்றிலையில் சூடம் ஏற்றிப் புருஷனுக்குத் திருஷ்டி கழித்தாள்.

வெளியீட்டு விழா திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் இருந்த நாற்காலிகளை எண்ணிப் பார்த்தவர்கள், கீழே இருப்பதைவிட அதிகம் என்றார்கள். வரவேற்புரை, முன்னிலை உரை, தலைமை உரை, வாழ்த்துரை. ஒவ்வொரு உரைக்கும் முன்னால் ஒரு சால்வை, பின்னால் ஒரு சால்வை. முதலில் போர்த்தியதை மடித்துப் பின்பக்கமாக அனுப்பினால் அது சுற்றிக்கொண்டு அடுத்தவருக்கு வந்துவிடும். தாண்டவராயனுக்கு அந்த மேடையில் மூன்று தடவை ஒரே சால்வையைப் போர்த்தினார்கள். அதில் யாரோ சிந்திய சந்தனத்தை வைத்து அவர் அடையாளம் கண்டுகொண்டார். 'பாதாளப் பேரொலி' என்று ஒரு பட்டமும் கிடைத்தது.

தீனதயாளன் தலைமை உரையில் ஆபராவின் வரலாற்றையே மாற்றி எழுதினார். மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டில் குகை குடைந்தபோது உளிச்சத்தம் பாறையில் மோதி எதிரொலித்தது, அந்த எதிரொலியைக் கேட்ட யாத்திரிகர்கள் அதை இத்தாலிக்குக் கொண்டுபோனார்கள், அதுதான் ஆபரா. ஆகவே தாண்டவராயன் பாடுவது வெளியூர்ச் சரக்கல்ல, போன பொருள் திரும்பி வந்திருக்கிறது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஆதாரம் கேட்பவர்கள் எவரும் மண்டபத்துக்கு வந்திருக்கவில்லை.

நன்றியுரையும் அவரே. மண்டபத்துக்கு நன்றி, மின்சாரத்தை நிறுத்தாத மின்வாரியத்துக்கு நன்றி, மைக்செட் துரைக்கண்ணுவுக்கு நன்றி, தண்ணீர் கேன் போட்டவருக்கு நன்றி. தாண்டவராயன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூர்யகலா பெயர் வரவில்லை. பரவாயில்லை, அதற்குத்தான் கடைசிப் பாட்டு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார். நிகழ்ச்சியின் முடிவில் அந்த ஒரு பாட்டைப் போடுவதாக ஏற்பாடு. பெண்கள் வரிசையில் பட்டுப்புடவையில் அவளைத் தேடினார். நாற்காலி காலியாக இருந்தது. பாடகரின் சம்சாரம் என்பதால் பந்தியைக் கவனிக்கச் சொல்லி அவளைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

பாட்டு ஆரம்பித்தது. சமையல்காரன் முதல் தடவை சூப்பைச் சுட வைத்தான். சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தீனதயாளன் துரைக்கண்ணுவைப் பார்த்து, கோழியின் கழுத்தைத் திருகுவதுபோல் கையைத் திருகிக் காட்டினார். பாட்டு நின்றது. நாட்டுப்பண் ஆரம்பித்தது. கையில் சாம்பார் வாளியோடு வாசல்படிக்கு ஓடிவந்த சூர்யகலா அங்கேயே விறைப்பாக நின்றுவிட்டாள்.

அடுத்த வாரம் வீட்டிலேயே போட்டுக் காட்டலாம் என்று தாண்டவராயன் பக்கத்து வீட்டிலிருந்து பிளேயரை வாங்கிவந்தார். சூர்யகலா கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

"எட்டு வருசமா கேட்டுக்கினுதான இருக்கறன். இப்ப இன்னா புச்சா, டிஸ்க்ல?"

சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள் என்பது உண்மை. ஒருநாளும் கேட்டதில்லை என்பதும் உண்மை. இதை எப்படி விளக்குவது என்று தெரியாமல் தாண்டவராயன் பிளேயரைத் திருப்பிக் கொடுத்தார். விற்காத டிஸ்க்குகள் அட்டைப்பெட்டியோடு மெஷினுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தன. தைத்த துணியை வைக்க வாகான உயரம்.

ரோஸா அம்மா விழாவுக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தாண்டவராயன் வீட்டில் இருந்தார். மீன்குழம்பில் மீன் இருந்தது. பாட்டு நின்றுபோயிருந்தது. தெருவில், வைத்தியம் பலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

தை மாசம் மண்டகப்பட்டில் சூர்யகலாவின் பெரியப்பா பச்சைமுத்து செத்துப்போனார். முன்னாள் ஊராட்சித் தலைவர். எண்பதைத் தாண்டி, பேரன் பேத்தி எடுத்து, முந்தின நாள் ராத்திரி கேப்பைக் களியில் உப்பு குறைச்சல் என்று சண்டை போட்டுவிட்டுப் படுத்தவர். கல்யாணச் சாவு. வாழ்நாளில் சூடாக இருக்கும்போது சாப்பிட வந்ததில்லை, ஆறியபின் வந்து திட்டாமல் போனதுமில்லை என்று அவர் வீட்டுப் பெண்கள் ஒப்பாரியிலேயே சொல்லி அழுதார்கள்.

சாவு வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வருவதற்கு முன்னால் மைக்செட் வந்துவிடும். துரைக்கண்ணு வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, குகைக்கோயில் பாறையைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். அவரிடம் மூன்று பெட்டி உண்டு. கல்யாணத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. உலகத்தில் உள்ள எந்தப் பாட்டும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கும் என்பது அவர் அனுபவம். சாவுப் பெட்டியிலிருந்து வழக்கமான டிஸ்க்கைப் போட்டார். அது கீறல் விழுந்து, "போனாயே போனாயே போனாயே" என்று ஒரே இடத்தில் நின்றுகொண்டது. எடுத்துத் துடைத்துப் பார்த்தார், சரிவரவில்லை. பெட்டியில் கைவிட்டு அடுத்ததை எடுத்தார். அட்டையில் பூ, குத்துவிளக்கு, கறுப்புக் கோட்டில் ஒரு ஆள். போட்டார்.

தாண்டவராயன் கொட்டகையில் ஆம்பிளைகளோடு உட்கார்ந்திருந்தார். வேப்பமரத்திலிருந்து தன் குரல் இறங்கிவருவதைக் கேட்டதும், யாரோ சட்டைக்குள் ஐஸ் கட்டி போட்டதுபோல் எழுந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மைக்செட்டுக்கு ஓடினார். இது எப்படி இங்கே வந்தது என்று அடிக்குரலிலேயே கேட்டார்.

"விழாவுல நீங்கதான குடுத்தீங்க? அன்னிக்கு ரெண்டு வரி கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. இத்த கல்யாணத்துக்குப் போட்டா பொண்ணு எழுந்து ஓடிடும். அப்பவே இந்தப் பெட்டில வச்சிட்டேன்."

அதை நிறுத்து என்றார் தாண்டவராயன். துரைக்கண்ணு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாவு வூட்ல போட்ட பாட்ட நடுவுல நிறுத்தக் கூடாதுண்ணே. நிறுத்தினா மைக்செட்காரன் வூட்ல எழவு வுழும்னு எங்கப்பா சொல்லிக்கினு இருந்தாரு. முடியட்டும்."

முடியவில்லை. ஒன்று முடிந்து அடுத்தது ஆரம்பித்தது. டீசல் எஞ்சின் வந்து போயிற்று. செல்வகுமார் போட்டிருந்த எதிரொலி போதாதென்று, குகைப்பாறை தன் பங்குக்கு ஒவ்வொரு வரியையும் வாங்கித் திருப்பிக் கொடுத்தது. தீனதயாளனின் ஆராய்ச்சியில் அந்தப் பாறை மட்டும் உண்மை. கூட்டத்தில் சலசலப்பு ஓய்ந்தது. பாஷை யாருக்கும் புரியவில்லை. புரியாததால் யாருக்கும் தடையும் இல்லை. எமனே நேரில் வந்து துக்கம் விசாரிப்பதுபோல் இருக்கிறது என்றார் ஒரு பெரியவர். பங்காளித் தகராறில் பல வருஷமாகப் பேசாமலிருந்த இருவர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு அழுதார்கள். ஒரு துரோகியைத் தளபதி கெட்ட வார்த்தையால் திட்டுகிற பாட்டு அது.

அப்போது தீனதயாளன் வந்து சேர்ந்தார். ஆள் உயர மாலை, பேரவையின் பெயர் எழுதிய ரிப்பன், சட்டைப்பையில் இரங்கல் உரை. மாலையைச் சாத்திவிட்டு நேராக மைக்குக்கு வந்தார். துரைக்கண்ணு மைக்கைக் கொடுக்கவில்லை. பாட்டு ஓடுகிறது என்றார். தீனதயாளன் கழுத்தைத் திருகுவதுபோல் பழைய கையசைவைக் காட்டினார். துரைக்கண்ணு அசையவில்லை. எழவு விழும் விஷயத்தை அவருக்கும் விளக்கினார். எழவு என்றதும் தீனதயாளன் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். நாற்காலி எதுவும் காலியில்லை. ஆபராவின் ஆதிமூலத்தைக் கண்டுபிடித்தவர் வாழ்க்கையில் முதல் முறையாக நின்றுகொண்டு ஆபரா கேட்டார்.

கடைசிப் பாட்டு ஆரம்பித்தது.

தாண்டவராயன் வேப்பமரத்தடியிலிருந்து பெண்கள் பக்கம் பார்த்தார். சூர்யகலா பெரியப்பாவின் தலைமாட்டில், இரண்டு அத்தைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். தைக்கத் துணி இல்லை. மிதிக்க மெஷின் இல்லை. எழுந்துபோகப் பந்தி இல்லை. அடக்கம் முடியாமல் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. கையை மடியில் போட்டுக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையல்காரன் சூப்பைச் சுட வைத்தான். ஆறியது. வாசலைப் பார்த்தான். மறுபடி சுட வைத்தான். தாண்டவராயன், யாரும் வந்து அவளைக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று மயிலத்து முருகனை வேண்டிக்கொண்டார். குரல் இறங்கி, இறங்கி, பாறைக்கும் கீழே போய் நின்று, மெல்ல அடங்கியது.

ஓரமாகக் கட்டியிருந்த மாடு ஒரு தடவை தலையை ஆட்டியது. பிறகு தீனதயாளன் மைக்கைப் பிடித்தார். அதற்கு முன்னால் எதைக் கேட்டாலும் அழத் தயாராக இருந்த கூட்டம், அவர் ஆரம்பித்ததும் கலைந்து டீ குடிக்கப் போயிற்று.

சூர்யகலா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வேப்பமரத்தடிக்கு வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. புருஷனின் பக்கத்தில் நின்று, பெரியப்பாவைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏங்க, அந்தக் கடைசிப் பாட்டு. அதுல யாரு செத்துட்டாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். சாவு வீட்டுக்குப் பொருத்தமாக ஒரு மகனையோ ஒரு ராணியையோ கொன்றிருக்கலாம். தாண்டவராயனுக்கு வரவில்லை.

"யாரும் சாவல. சமையக்காரன் ஒருத்தன் சூப்பு வச்சிக்கினு ஒக்காந்துனு இருக்கறான். எஜமான் வரல. ஆறிப்போவுது. சூடு பண்றான், மறுபடி ஆறிப்போவுது. அவ்ளோதான்."

அவள் பெரியப்பாவின் பக்கம் பார்த்தாள். உதடு துடித்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்தாள், தோள் குலுங்கியது. பார்த்தவர்கள், பெரியப்பாமேல் இவளுக்கு எவ்வளவு பாசம் என்று உச்சுக்கொட்டினார்கள். தாண்டவராயனுக்கு மட்டும் அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. இத்தாலியில் எப்படிச் சிரிப்பார்கள் என்று ரோஸா அம்மா சொல்லியிருந்தாரோ அப்படியே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது. அது சிரிப்பில் வந்ததா என்பது நிச்சயமாகத் தெரியவில்லை.

"அது நான் பாட வேண்டிய பாட்டாச்சே," என்றாள் மெதுவாக. "பஸ் லேட்டுன்னு வந்து நிக்கறது யாரு?"

"அதான் ஒனக்குன்னு பாடனேன்."

"அத்த வாயால சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லத் தெரிஞ்சா எதுக்கு இத்தாலி வரைக்கும் போவறேன்?"

அவள் முந்தானையால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். கூட்டத்தில் அப்படிச் செய்வது அவள் வழக்கமில்லை. உடனே சுதாரித்துக்கொண்டு, அத்தைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு 'பாதாள கானம்' திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை எல்லா மைக்செட்டுக்கும் போயிற்று. அட்டைப்பெட்டி காலியாகி, சூர்யகலா துணி வைக்க ஒரு ஸ்டூல் வாங்க வேண்டியிருந்தது. வசதியுள்ள வீட்டுச் சாவு என்றால் இத்தாலிப் பாட்டு இருந்தாக வேண்டும் என்று ஆயிற்று. இதை முன்கூட்டியே உணர்ந்துதான் பேரவை அந்தப் பெயரை வைத்தது என்று தீனதயாளன் ஒரு கூட்டத்தில் அறிவித்தார். தாண்டவராயன் எதையும் மறுக்கவில்லை. மைக்கைப் பிடுங்கியவர்களிலிருந்து, எதிரொலி போட்ட செல்வகுமார், பூ வைத்த பேனர்காரர், டிஸ்க்கைச் சாவுப் பெட்டியில் வைத்த துரைக்கண்ணு, பெயர் வைத்த தீனதயாளன் வரை ஒருவர் சரியாக வேலை செய்திருந்தாலும் அவள் அந்தப் பாட்டைக் கேட்டிருக்க மாட்டாள். எல்லாருக்கும் மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார். செத்த பச்சைமுத்துவுக்கு இரண்டு. ரோஸா அம்மா போனில் கூப்பிட்டபோது, நம் ஊரிலும் ஒருத்தி சரியான இடத்தில் சிரித்தாள் என்று மட்டும் சொன்னார். யார் என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கருமாதி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தாண்டவராயன் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். குழம்பு சூடாக இருந்தது. உள்ளேயிருந்து தையல் மெஷின் சத்தம் வந்துகொண்டிருந்தது, சட்டென்று நின்றது.

"நிறுத்திட்டேன்," என்றாள் சூர்யகலா. "பாடுங்க."

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். மூச்சை இழுத்தார். முதல் சுரத்தைப் பிடித்து நிறுத்தினார்.

எதிர்வீட்டில் யாரோ கிணற்றடிக்கு ஓடும் செருப்புச் சத்தம் கேட்டது.